திரும்பும் ஏற்றத்திலிருந்து போட்ட கணக்கு: இந்தியானா டூன்ஸில் ஒரு பகல் நடை

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. மாலை மூன்றே முக்கால் இருக்கும். மிச்சிகன் ஏரிக்கரை மணல் மேட்டில் பாதி ஏறிய அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லய்யா, ஒரு நிமிசம்" என்றார். தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிய கை நடுங்கியது. பாட்டிலில் இரண்டு மடக்குக்கு மேல் இல்லை. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடு தாங்காமல் உடனே மறுபடி மாட்டிக்கொண்டாள். மேலே இன்னும் முப்பது அடி ஏற்றம் இருந்தது. அதற்கப்புறம் கார் நிற்கும் இடம்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

பத்திரமாகத் திரும்பிவிட்டோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவுக்கு 67 வயது. மூன்று மாதம் எங்களோடு தங்க ஊரிலிருந்து வந்திருக்கிறார். நான் ஒழுங்காக யோசிக்காததால் அவர் அந்த வெயிலில் தவித்தார். செப்டம்பரில் அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், அதே பாதையை அப்பா, நான், மனைவி, மகள் என்று அதே நான்கு பேரும் மறுபடி நடந்தோம். இடைப்பட்ட இரண்டு மாதத்தில் எதை மாற்றினேன், எதைத் தைத்தேன், எதைத் தூக்கிப் போட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மணல் மேட்டுக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் இடம். சிகாகோவிலிருந்து தென்கிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள், மிச்சிகன் ஏரியின் தெற்கு முனையில் இந்தியானா டூன்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1966-இல் தேசிய ஏரிக்கரை என்று அறிவிக்கப்பட்டு, 2019-இல் தேசியப் பூங்காவானது. ஏரிக்கரை மட்டும் சுமார் 24 கி.மீ. அதன் நடுவிலேயே இந்தியானா டூன்ஸ் மாநிலப் பூங்கா என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டும் வேறு நிர்வாகம், வேறு கட்டணம். ஒன்றுக்கு வாங்கிய அனுமதி மற்றதில் செல்லாது. தேசியப் பூங்காவுக்குக் காருக்கு 25 டாலர், ஏழு நாள் செல்லும். இந்தக் கட்டணம் 2022-இல்தான் வந்தது. அதனால் "அங்கே எல்லாம் இலவசம்" என்று பழைய நண்பர்கள் சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் தேர்ந்தெடுத்தது தேசியப் பூங்காவில் உள்ள கவுல்ஸ் பாக் பாதை. 4.7 மைல், அதாவது ஏழரை கிலோமீட்டர் சுற்று. சதுப்பு நிலத்தில் தொடங்கி, ஓக் மரக் காட்டுக்குள் போய், மணல் மேடுகளைத் தாண்டி, ஏரிக்கரையில் இறங்கி, மறுபடி மேடேறித் திரும்பும்.

வேறு பாதைகளையும் பார்த்தேன். மாநிலப் பூங்காவில் மூன்று உயர மேடுகளை ஒரே நடையில் ஏறும் சவால் ஒன்று உண்டு. தூரம் ஒன்றரை மைல்தான், ஆனால் மொத்த ஏற்றம் 552 அடி. அப்பாவின் முழங்காலுக்கு அது சரிப்படாது. வெஸ்ட் பீச்சில் மரப்படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் உண்டு. சின்னக் குழந்தைகளோடு போனால் நான் அதைத்தான் சொல்வேன். கிழக்கே மவுண்ட் பால்டி என்ற 126 அடி மேடு இருக்கிறது. அது நிற்காத மேடு, காற்று தள்ளத் தள்ள ஆண்டுக்குச் சில அடி நகர்ந்து பின்னால் உள்ள காட்டை மூடிக்கொண்டே போகிறது. 2013 ஜூலையில் அங்கே ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மணலுக்குள் விழுந்து புதைந்தான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் தோண்டி உயிரோடு எடுத்தார்கள். மணல் மூடிய மரங்கள் உள்ளே மட்கி, குழாய் போன்ற வெற்றிடங்கள் உண்டாகியிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் அந்த உச்சிக்குப் பூங்கா ஊழியர்கள் கூட வந்தால்தான் போக முடியும். "பாதையை விட்டு விலகாதே" என்று நான் மகளிடம் சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்தே சொல்வேன்.

கவுல்ஸ் பாக் பாதையை எடுத்ததற்கு இன்னொரு காரணம், அந்தப் பெயருக்கு உரிய மனிதர். ஹென்றி சாண்ட்லர் கவுல்ஸ், சிகாகோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர். ஏரிக்கரையிலிருந்து உள்ளே நடந்தால் மணல், புல், புதர், மரம், காடு என்று நிலம் வயதாகிக்கொண்டே போவதைக் கவனித்து 1899-இல் எழுதினார். ஒரு தாவரக் கூட்டம் நிலத்தைப் பக்குவப்படுத்தி அடுத்த கூட்டத்துக்கு இடம்விடுகிறது என்ற சூழலியல் கருத்து வேரூன்றியதில் இந்த மணல் மேடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பத்து வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடக்க இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

சரி, ஜூலையில் என்ன தவறு செய்தேன்?

வீட்டிலிருந்து கிளம்பவே பத்தரை. கார் நிறுத்தும் இடம் சின்னது. ஒருவர் வெளியே வரும்வரை காத்திருந்து நுழைந்தோம். நடக்கத் தொடங்கியபோது உச்சி வெயில். நால்வருக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். கரையில் போர்வை விரித்துப் பெரிய டப்பாவைத் திறந்ததும் காற்று ஒரு கை மணலைப் புளிசாதத்தில் போட்டது. அப்படியும் பசியில் சாப்பிட்டோம், வயிறு முட்ட. கரையில் நிழலே இல்லை. கணுக்காலைப் பிடுங்கும் ஈக்கள் வேறு. பார்க்க வீட்டு ஈ போலவே இருக்கும், ஆனால் ரத்தம் வரக் கடிக்கும். இத்தனைக்கும் பிறகு, மூன்றரை மணிக்கு, நனைந்த உடையும் நிறைந்த வயிறுமாக ஏற்றத்தைத் தொடங்கினோம்.

இதையெல்லாம் தனித்தனிப் பிழைகளாக முதலில் எழுதி வைத்தேன். தண்ணீர் குறைவு, நேரம் தவறு, செருப்பு தவறு. அந்தத் தாளை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தவறு இருப்பது புரிந்தது. மலைக்குப் போனால் காலையில் தெம்போடு ஏறுவோம், களைத்தபின் இறங்குவோம். ஏரிக்கரை மணல் மேட்டில் அது தலைகீழ். தெம்பாக இருக்கும்போது கரைக்கு இறங்குகிறோம். குளித்து, சாப்பிட்டு, வெயில் காய்ந்து, உடம்பு தளர்ந்தபின் ஏறுகிறோம். அதுவும் மணலில். தளர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். ஆக, இந்த நடையின் திட்டத்தைக் கிளம்பும் நேரத்திலிருந்து போடக் கூடாது. கரையிலிருந்து திரும்பி ஏறும் அந்தக் கால் மணி நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். தண்ணீர், சாப்பாடு, காலணி, கிழமை எல்லாமே அந்த ஏற்றத்துக்கு ஏற்றபடி அமைய வேண்டும்.

கோடை நேரக் கணக்கில் சிகாகோப் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டே முக்காலுக்கு மேல். மணல் அதிகம் சுடுவது அதற்கப்புறம். எனவே பதினொன்றேகாலுக்குக் கரையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கரையில் இரண்டு மணி நேரம் வேண்டுமானால் ஒன்பதேகாலுக்கு அங்கே இருக்க வேண்டும். அப்படியானால் ஏழரைக்கு நடை தொடக்கம், ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பல். பூங்கா காலை ஆறு மணிக்கே திறந்துவிடும் என்பதால் இதில் தடை எதுவும் இல்லை.

அப்பாவின் வேகம் தெரியாமல் இந்தக் கணக்கு நிற்காது. எங்கள் பகுதிப் பூங்காவில் மணல் வாலிபால் மைதானம் ஒன்று இருக்கிறது. அதன் நீளம் 16 மீட்டர். ஆறு முறை நடந்தால் கிட்டத்தட்ட நூறு மீட்டர். ஒரு மாலை அப்பாவை முதலில் நடைபாதையில் நூறு மீட்டர் நடக்க வைத்தேன்: ஒரு நிமிடம் 25 நொடி. பிறகு மணலில்: இரண்டு நிமிடம் 20 நொடி. மகளுக்கு வித்தியாசம் குறைவு, எனக்கும் மனைவிக்கும் நடுத்தரம். சமதள மணலிலேயே இப்படி என்றால் ஏற்றத்தில் மூன்று மடங்கு நேரம் என்று வைத்துக்கொண்டேன். செப்டம்பரில் அது ஏறக்குறைய சரியாகவே வந்தது.

அந்த மைதானத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். அப்பா மணலில் என்னைவிட நன்றாக நடந்தார். எனக்குக் குதிகால் புதைந்து பின்னால் சறுக்கியது. அவருக்கு அவ்வளவு சறுக்கவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்தில் தேரி என்னும் செம்மணல் மேட்டில் வளர்ந்தவர், பனங்காட்டுக்குள் வெறுங்காலோடு ஓடியவர். "மணல்ட்ட மல்லுக்கட்டக் கூடாதுய்யா. பாதத்த முழுசா வையி. எட்டு சின்னதா இருக்கணும். பைய ஏறு" என்றார். ஈரம் காய்வதற்குள் ஏறிவிட வேண்டும் என்றும் சொன்னார். பனி பட்ட மணல் கெட்டியாக இருக்கும், வெயில் ஏறியதும் மாவு மாதிரி ஆகிவிடும். ஜூலையில் அவர் தடுமாறியது நடக்கத் தெரியாமல் அல்ல. தண்ணீர் இல்லாமலும் வெயிலாலும்தான். எனக்கு அதைக் கேட்க ஆறுதலாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. முதல் தடவையே அவரிடம் கேட்டிருக்கலாம்.

அடுத்தது காலணி. செருப்பு போட்டால் கால் சுடும், ஷூ போட்டால் மணல் நிறையும். இதற்குக் கணுக்கால் உறை என்று கடையில் விற்கிறார்கள். நான்கு பேருக்கு வாங்கினால் செலவு அதிகம் என்பதோடு, மகளின் அளவுக்குக் கிடைக்கவும் இல்லை. மனைவியின் பழைய லெக்கிங்ஸ் இரண்டை எடுத்து நாங்களே செய்தோம்.

முழங்காலுக்குக் கீழிருந்து 18 செ.மீ. நீளத்துக்குக் குழாய் போல வெட்டினோம். துணி சுற்றுவாக்கில் இழுபட வேண்டும், நீளவாக்கில் அல்ல. இதைக் கவனிக்காமல் வெட்டிய முதல் ஜோடி காலில் நிற்கவே இல்லை, வீணானது. மேல் விளிம்பை ஒரு செ.மீ. மடித்து எலாஸ்டிக் நுழைத்துத் தைத்தோம். இறுக்கம் விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். கீழ் விளிம்பின் முன்பக்கம் ஒரு கொக்கி. ஷூவின் கடைசி லேஸில் அது மாட்டிக்கொள்ளும். முதலில் ஜாக்கெட் கொக்கி தைத்துப் பார்த்தோம். வாலிபால் மைதானத்தில் பத்தடி நடப்பதற்குள் வளைந்துவிட்டது. பேன்ட் இடுப்புக்கு வைக்கும் தட்டைக் கொக்கி நன்றாகப் பிடித்தது. பின்பக்கம் வெல்க்ரோ: முரட்டுப் பக்கம் ஷூவின் குதிகாலில், மெத்துப் பக்கம் துணியில். துணியில் தைத்தோம். ஷூவில் தைக்க ஊசி இறங்காது என்று நினைத்துப் பசையுள்ள பட்டையையே ஒட்டினேன். நான்கு ஜோடிக்கும் சேர்த்து இரண்டு மாலைகள் ஆயின. தையல் முழுக்க மனைவியுடையது. வெட்டுவதும் சோதிப்பதும் என் வேலை. மைதானத்தில் இருபது நிமிடம் நடந்துவிட்டு ஷூவைக் கவிழ்த்தால் உறை போட்ட காலில் ஒரு சிட்டிகை, போடாத காலில் ஒரு கைப்பிடி மணல். அந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

இந்த உறைக்கு இன்னொரு பயனும் உண்டு. சதுப்புப் பகுதியில் உண்ணி இருக்கும். பேன்ட் நுனியை உறைக்குள் செருகிவிட்டால் அவை தோலுக்குப் போகும் வழி அடைபடும். பாதையோரம் மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவியும் உண்டு, பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் காலையும் அக்குளையும் முழங்கால் மடிப்பையும் பார்ப்பது தனிப் பழக்கம், அதை விடக் கூடாது.

நிழலுக்குக் குடை எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். காற்றில் நிற்காது, தூக்கவும் கனம். அப்பாவின் நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்தேன். அதை ஓட்டை போட மனம் வரவில்லை. நான்கு மூலையிலும் ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்து, கல்லுக்கு அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் துணியும் கிழியாது, முடிச்சும் நழுவாது. இரண்டு நடைக்கோல்கள்தான் தூண்கள். கூடாரத்து ஆணி மணலில் நிற்காது. ஒரு விரலால் இழுத்தால் வந்துவிடுகிறது. அதற்குப் பதில் நான்கு சின்னத் துணிப்பைகளில் அங்கேயே மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் நான் முழு உடம்பையும் சாய்த்து இழுத்தாலும் அசையவில்லை. கயிறு தரையோடு சாய்வாக வர வேண்டும், செங்குத்தாக இழுத்தால் பிடி குறையும். மொத்த எடை அறுநூறு கிராம். கிளம்பும்போது பைகளைக் காலி செய்து குழியை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் இருட்டில் நடப்பவர் காலை முறித்துக்கொள்வார்.

நடைக்கோலில் பனிக்காலத்துக்கென்று வரும் அகலமான வட்டத் தகட்டை மாட்டினேன். சாதாரண முனை மணலில் கத்தி போல இறங்கிவிடும். அகலத் தகடு இருந்தால் ஊன்றும்போது நிற்கும்.

தண்ணீரில் இந்த முறை கஞ்சத்தனம் இல்லை. நால்வருக்கு எட்டு லிட்டர். நான் மூன்றரை, மனைவி இரண்டரை, அப்பாவும் மகளும் ஆளுக்கு ஒன்று. இரண்டு பாட்டில்களை முந்தின இரவே உறைய வைத்தேன். ஒரு பாட்டில் உப்புப் போட்ட நீர்மோர், உறைந்த பாட்டிலை ஒட்டி. இதில் இரண்டு லிட்டர் கரையில் தொடக் கூடாது, ஏற்றத்துக்கு மட்டும் என்று மூடியில் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். ஏரி நன்னீர்தானே, குடித்தால் என்ன என்று மகள் கேட்டாள். பக்கத்திலேயே எஃகு ஆலைகளும் துறைமுகமும் இருக்கின்றன. கிருமிகளும் இருக்கும். குடிக்கக் கூடாது. ஆனால் நன்னீர் என்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. குளித்த உடம்பில் உப்புப் பிசுபிசுப்பு இல்லை. துண்டை ஏரியில் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறலாம், தோல் எரியாது. திருச்செந்தூர்க் கடலில் குளித்துவிட்டு அப்படி நடக்க முடியாது.

சாப்பாட்டையும் ஏற்றத்துக்கு ஏற்றபடி பிரித்தோம். கரையில் ஆளுக்கு ஒரு சப்பாத்திச் சுருள், வெள்ளரிக்காய், இரண்டு பேரீச்சை. தனித்தனியாகத் தாளில் சுற்றியது. சுருளின் வாயை மட்டும் திறந்து கடித்தால் மணல் உள்ளே போகாது. தயிர்சாதமும் மாவடுவும் காரில், ஐஸ் பெட்டிக்குள். நிறைவான சாப்பாடு காருக்குத் திரும்பினால்தான். மகளுக்கு அதுவே நடக்கத் தூண்டுதலாகவும் இருந்தது.

கடைசியாக, நாள். இதைத்தான் ஜூலையில் முழுக்கக் கோட்டைவிட்டேன். வெயில், மழை மட்டும் பார்த்தேன், காற்றின் திசையைப் பார்க்கவில்லை. மிச்சிகன் ஏரி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 490 கி.மீ. நீளம். நாம் நிற்பது தெற்கு நுனியில். வடக்கிலிருந்து பலமாகக் காற்றடித்தால் அலை ஏரியின் முழு நீளமும் ஓடி வளர்ந்து நம் காலடியில் வந்து உடைகிறது. நீரோட்டமும் ஆளை இழுக்கும். ஏரி என்று இளக்காரமாக நினைத்து உயிரை விட்டவர்கள் ஆண்டுதோறும் உண்டு. தெற்குக் காற்றென்றால் ஏரி கண்ணாடி போல இருக்கும், ஆனால் அந்தக் கடிக்கும் ஈக்கள் கரைக்கு வந்து குவியும். காற்றடைத்த மிதவையில் குழந்தை இருந்தால் நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டும் போகும். அதனால் நான் தேடியது மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து மெல்லிய காற்று, மணிக்கு 15 கி.மீ.க்குள், அலை ஓரடிக்குள். அமெரிக்க வானிலைத் துறை கரையோரத்துக்கென்று தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் பர்ன்ஸ் ஹார்பர் முதல் மிச்சிகன் சிட்டி வரையிலான பகுதியைப் பார்க்க வேண்டும். அதோடு, பெருமழை பெய்த மறுநாள் குளிக்கக் கூடாது, ஓடைகள் அழுக்கைக் கொண்டுவந்து சேர்க்கும்.

செப்டம்பரில் வாரத்தின் நடுநாள் ஒன்று இதற்குத் தோதானது. கூட்டம் கலைந்திருக்கும். கொசு குறைந்திருக்கும். ஏரி மெதுவாகத்தான் ஆறும் என்பதால் தண்ணீர் இன்னும் குளிக்கத் தக்க சூட்டில் இருக்கும். இரண்டு தேதிகளை ஒதுக்கி விடுப்புக்குச் சொல்லி வைத்தேன். முதல் தேதியில் வடக்குக் காற்று, நான்கடி அலை என்று வந்தது. பைகள் எல்லாம் கட்டி வைத்தாயிற்று, மகள் முகம் வாடிவிட்டது. போகவில்லை. அடுத்த புதன்கிழமை நாங்கள் கேட்டபடியே அமைந்தது.

ஏழு இருபதுக்கு மினரல் ஸ்பிரிங்ஸ் சாலை ஓரத்தில் கார் நிறுத்துமிடத்தை அடைந்தோம். எங்களோடு சேர்த்து மூன்றே கார்கள். அனுமதிச் சீட்டை முன்கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, எல்லோரும் உறையை மாட்டி, கொக்கியைச் சரிபார்த்து, ஏழு முப்பத்தைந்துக்கு நடந்தோம்.

முதல் பகுதி சதுப்பு. பெயர் பாக் என்றாலும் இது உண்மையில் பாக் வகைச் சதுப்பு அல்ல. பாக் என்றால் மழைநீரை நம்பிய, புளித்த அமிலச் சதுப்பு. இங்கே நிலத்தடி நீர் ஊறி வருகிறது, அதற்கு ஃபென் என்று பெயர். பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. கோரைகளுக்கு மேல் புகை மாதிரி மூடுபனி. அப்பா ஒரு கொக்கைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் நிற்பதற்கும் திட்டத்தில் நேரம் இருந்ததால் நான் அவசரப்படுத்தவில்லை. ஜூலையில் இதே இடத்தில் "சீக்கிரம் வாங்கப்பா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

பிறகு கருப்பு ஓக் காடு. காலடியில் மண் கருத்திருந்தாலும் கொஞ்சம் கிளறினால் மணல். இந்தக் காடே பழைய மணல் மேடு என்று மகளிடம் சொன்னேன். கவுல்ஸ் ஏரியிலிருந்து உள்ளே நடந்தார் என்றால் நாங்கள் காட்டிலிருந்து ஏரிக்கு, காலத்தில் பின்னோக்கி நடக்கிறோம். மரம் சிறுத்து, புதர் வந்து, புதர் போய்ப் புல் வந்து, புல்லும் போய் வெறும் மணல். அவள் ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் வரைந்துகொண்டே வந்தாள். கடைசி மேட்டில் காட்டன்வுட் மரம் ஒன்று இடுப்பளவு மணலில் புதைந்து நின்றது. மணல் மூட மூட அடிமரத்திலிருந்தே புது வேர் விட்டு மேலே வரும் மரம் அது. பக்கத்தில் மாரம் புல். அதன் வேர்த்தண்டுகள்தான் மணலைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஒருவர் குறுக்குவழியில் மிதித்து அது செத்தால், அந்த இடத்தில் காற்று மேட்டையே குடைந்துவிடும். "நம்ம ஊர்ல பனைதான் இந்த வேலையச் செய்யும்" என்றார் அப்பா.

ஒன்பது பத்துக்கு ஏரி. அலை முழங்காலுக்குக் கீழ். மேற்கே எஃகு ஆலையின் புகைபோக்கிகள், வடமேற்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நீருக்கு மேல் நகம் நகமாகச் சிகாகோவின் கட்டடங்கள். ஆலையையும் துறைமுகத்தையும் ஏற்றுக்கொண்ட பேரத்தில்தான் 1966-இல் இந்தக் கரையைக் காப்பாற்ற முடிந்தது. அந்த உடன்படிக்கையை இங்கே நின்றால் ஒரே பார்வையில் பார்க்கலாம். அதுவாவது மிஞ்சியதே என்று எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

கரையில் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பி நின்று, நாங்கள் உள்ளே ஏற வேண்டிய வழியின் வாயைத் தேடிப் பார்த்துப் படம் எடுத்தேன். கரையில் நடந்து வரும்போது எல்லா மேடும் ஒன்று போலவே இருக்கும், தாண்டிப் போய்விட்டால் வெற்றாக ஒரு கிலோமீட்டர் கூடிவிடும். இது மிகவும் முக்கியம்.

வேட்டிக் கூரை பன்னிரண்டு நிமிடத்தில் எழுந்தது. அப்பா அதன் கீழ் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு எழுந்துபோய்க் குளித்தார். உயிர்காப்பாளர் இல்லாத கரை என்பதால் இடுப்பளவுக்கு மேல் யாரும் போவதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பெரியவர் ஒருவர் எப்போதும் கரையில். அப்பா தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இம்புட்டுப் பெரிசா இருக்கு, உப்பே இல்லயே" என்று ஜூலையில் சொன்னதையே மறுபடியும் சொன்னார்.

பத்து ஐம்பதுக்குக் கூரையைப் பிரித்தோம். சிவப்பு நூல் பாட்டில்கள் திறக்கப்படவில்லை. பதினொன்று பன்னிரண்டுக்கு ஏற்றம் தொடங்கியது. ஈரத் துண்டு கழுத்தில், அப்பா முன்னால், அவர் பதித்த தடத்திலேயே கால் வைத்து மகள், பிறகு மனைவி, கடைசியில் நான். இருபது எட்டு எடுத்து வைப்போம், பிறகு நின்று பத்து மூச்சு. இந்தக் கணக்கை அப்பாவே எண்ணினார். பாதியில், ஜூலையில் அவர் உட்கார்ந்த அதே இடம் என்று நினைக்கிறேன், நின்று மோர் குடித்தார். கை நடுங்கவில்லை. நான் வேண்டுமென்றே கையைத்தான் பார்த்தேன். உச்சிக்குப் போக பதினான்கு நிமிடம் ஆயிற்று. ஜூலையில் அதே ஏற்றத்துக்கு முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல்.

ஓக் நிழலுக்குள் நுழைந்தபின் நடை எளிதானது. பன்னிரண்டு ஐம்பதுக்குக் காரை அடைந்தோம். தயிர்சாதம் இன்னும் குளிர்ந்திருந்தது. அப்பா காரின் பின்கதவு நிழலில் உட்கார்ந்து மாவடுவைக் கடித்துக்கொண்டே, என் மகள் ஊருக்கு வரும்போது அவளைத் தேரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றார். எந்த மாதத்தில், காலை எத்தனை மணிக்கு என்று அவளோடு அப்போதே பேசத் தொடங்கிவிட்டார்.

மீந்த தண்ணீர் ஒன்றே முக்கால் லிட்டர். நான்கு பேரின் ஷூவையும் ஒரு தட்டில் கவிழ்த்துப் பார்த்தோம். மூன்று பேருடையதில் மொத்தமாக ஒரு தேக்கரண்டி மணல். மகளின் இடது ஷூவில் மட்டும் அரைக் கைப்பிடி. குதிகாலில் பசையால் ஒட்டிய வெல்க்ரோ ஈரம் பட்டுப் பாதி கழன்றிருந்தது. செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் தடித்த ஊசி ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்த வாரம் எட்டு ஷூவிலும் பட்டையைப் பிரித்துவிட்டு, மெழுகு நூலில் தைக்கப் போகிறேன்.